பனியில் கருகிய தக்காளிக் கன்றுகள்

இன்று காலை பால்கனியில் தக்காளிச் செடியின் பக்கத் தளிர்களைக் கிள்ளினேன். விரலில் ஒட்டிய பச்சை மணம் சவர்க்காரம் போட்டும் போகவில்லை. அந்தக் கையோடுதான் உமக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீர் எங்களை விட்டுப் போய் இது இரண்டாவது கோடை.

பிராங்பேர்ட்டில் ரயில் பாதையோரம் நாம் வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டு நினைவிருக்கிறதா? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பெரிய பிள்ளைகளின் வகுப்பை நாம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்த காலம். பதின்மூன்று வயதானதும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வந்தவர்களும் பரீட்சைக்காகக் கட்டுரையைப் பாடமாக்கினார்கள், ஒப்புவித்தார்கள், மறந்தார்கள். இடைவேளையில் ஒரு தமிழ்ச் சொல் காதில் விழாது. நான் படிப்பிக்கும் ஜெர்மன் பள்ளியில் பிள்ளைகள் ஒரு வேலையைத் தாங்களே திட்டமிட்டு, வாரக்கணக்கில் செய்துபார்த்துக் கற்கும் 'ப்ரொயெக்ட்' முறையைப் பற்றி உமக்குச் சொன்னேன்.

"அப்ப நாங்களும் ப்ரொயெக்ட் செய்வம். தோட்டம். திட்டம் போடுறதும் அதுகள், கிண்டுறதும் அதுகள், எழுதுறது தமிழிலை" என்றீர் உடனே.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன், "பரீட்சையிலை மண்ணைப் பற்றியே கேக்கப்போறாங்கள்?" என்று எழும்பினார். கடைசியில், மே மாதம் தோட்டத்துக்கே வந்து பார்த்து முடிவு செய்வதாக ஒத்துக்கொண்டார்கள். சரிவராவிட்டால் பழையபடி புத்தகம். அதோடு மிச்சப் பிள்ளைகளும் நின்றுவிடுவார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

நடுகிற நாளையும் பெற்றோரே குறித்தார்கள்: சித்திரை வருடப்பிறப்பு. நல்ல நாள், வெயிலும் எறித்தது. பிள்ளைகள் வீட்டு ஜன்னலோரம் வளர்த்த கன்றுகளை நட்டு, தமிழில் பெயர் எழுதிக் குச்சி குத்தினார்கள். மே தொடக்கத்தில் ஒரே ஓர் இரவுப் பனி. எல்லாம் கறுத்துத் தொங்கின. மறுநாள் பெற்றோர் வரவேண்டும்.

மண்ணைப் பற்றிக் கேட்ட அதே தகப்பன் முதல் ஆளாக வந்து நின்றார். மகள் சொல்லியிருக்கிறாள். கார் நிறையக் கடைக் கன்றுகள், சிலவற்றில் காய்கூடப் பிடித்திருந்தது.

"டக்கெண்டு மாத்தி நடுவம் ரீச்சர். பிள்ளையளுக்கு வெக்கம்."

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. நீரோ அவர் நீட்டிய கன்றுப் பெட்டியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தீர்.

"வேண்டாம் அண்ணை. செத்த கண்டுதான் இண்டைக்குப் பாடம். உங்கடை நல்ல நாள் இந்த ஊர்ப் பனிக்குத் தெரியேல்லைப் போல." மன்னார்க் கத்தோலிக்கரான உமக்கு எங்கள் பஞ்சாங்கத்தைச் சீண்டுவதில் தனிச் சந்தோஷம். மனிதர் சிரித்துவிட்டார்.

எல்லோரும் கூடியதும் ஒரு தாய், "ஏன் பிள்ளையள், கண்டெல்லாம் பட்டுப்போச்சு?" என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. நான் வாய் திறக்கப்போனேன். நீர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தீர். நேரம் போயிற்று. பிறகு பிள்ளைகளே தொடங்கினார்கள்.

"இவன்தான் தண்ணி கனக்க விட்டவன்."

"பொய்! பனிதான். மே நடுப்பகுதிக்கு முதல் நடக்கூடாதாம். பக்கத்துத் தோட்டத்து ஜெர்மன் அம்மா சொன்னவ."

"அப்ப ஏன்டா முதலே சொல்லேல்லை, விசரா?"

"நேற்றுத்தான் கேட்டனான்! அப்பாக்கள்தானே வருசத்துக்கு நடச் சொன்னவை!"

அப்பாக்கள் ஆளையாள் பார்த்தார்கள். சண்டை நீண்டுகொண்டே போனது, யாரும் பாடமாக்கித் தராத தமிழில். "என்ரை பெடியன் இவ்வளவு கதைப்பானோ?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். பெட்டியோடு நின்ற தகப்பன், "இப்ப இதை என்ன செய்யிறது?" என்றார்.

"பதினைஞ்சாம் திகதிக்குப் பிறகு கொண்டுவாங்கோ அங்கிள். அதுவரைக்கும் வீட்டுக்குள்ளை வையுங்கோ" என்றாள் ஒருத்தி, பெரிய மனுசி மாதிரி. அவர் "ஓம்" என்று தலையாட்டினார். அதுதான் முடிவு. புத்தகத்தைப் பற்றி அன்று யாரும் வாய் திறக்கவில்லை. வகுப்பு இன்றும் நடக்கிறது.

போன வாரம் என் ஜெர்மன் பள்ளியில் ஏழாம் வகுப்பு கட்டிய அட்டைப் பாலம் இடிந்து விழுந்தது. பசையை எடுக்கப் போன கையை நிறுத்திக்கொண்டேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்படியான மௌனம் முன்பெல்லாம் எனக்குப் பயம். இப்போது அதற்குள் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, நிம்மதியாக உட்காரத் தெரிகிறது.