கேமராவில் விழாத வெட்டு

அக்கா,

நீங்கள் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னது என் கைபேசிதான். காலையில் பட்டறையைத் திறந்து, ஒரு ஃபைபர் படகின் இன்ஜின் தாங்கியை வெல்டிங் செய்ய எடுத்து வைத்திருந்தேன். போன் விடாமல் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால் கத்திப் போட்டி நடத்திய அந்த டிவிக்காரர்கள் ஒரு வீடியோ போட்டிருக்கிறார்கள். முதலில் மாலை போட்ட உங்கள் படம், 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்து. அடுத்து உங்கள் கத்தி உடைகிறது. உடைந்த மறுகணம் நான் சிரிக்கிறேன், வாய் நிறைய.

நெற்றியில் ஏற்றிவிட்ட வெல்டிங் கண்ணாடியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன். மழைக்காலத்துக்கு முன்னால் உங்களைப் பார்த்தது. அதற்குப் பிறகு போனில் பேசியதோடு சரி. அப்போதுகூட, "இன்னா பாய், கடை ஓடுதா?" என்றுதான் கேட்டீர்கள். உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீடியோவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்: "செத்துப்போன பொம்பளை தோத்ததுக்கு எப்படிச் சிரிக்கிறான் பாரு." நீங்கள் இல்லை என்பதையும், நான் இப்படிப்பட்டவன் என்பதையும் ஒரே நேரத்தில் படித்தேன். எதற்கு முதலில் அதிர்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நாம் அறிமுகமானதே சண்டையில்தான். பொன்னேரியில் பழைய இரும்புக் கடையில், லாரியிலிருந்து கழற்றிய ஒரு வில்பட்டையின் ஒரு முனையை நானும் மறுமுனையை நீங்களும் பிடித்திருந்தோம். நான் படகு வேலைக்காக. நீங்கள், சுண்ணாம்புக்குளத்தில் உங்கள் வீட்டுக்காரர் விட்டுப்போன உலையில் மீன்காரப் பெண்களுக்குக் கத்தி அடிப்பதற்காக. "பாதியா வெட்டிக்கலாம் பாய், கத்தறதால நீளமாவாது" என்றீர்கள். வெட்டிக்கொண்டோம். அதற்குப் பிறகு அந்தக் கடையில் நல்ல இரும்பு வந்தால் ஒருவருக்கொருவர் போன் செய்வது வழக்கமாகிவிட்டது.

கத்தி அடிக்கும் போட்டி என்று டிவியில் வரப்போகிறது, ஆள் வேண்டும் என்று அவர்கள் என்னைக் கேட்டபோது உங்கள் பெயரையும் சொன்னேன். பூந்தமல்லி தாண்டி ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே போனதும் நாம் இருவருமே திகைத்துவிட்டோம். கரி இல்லை, எல்லாம் கேஸ் உலை. சுவரில் பெரிய கடிகாரம் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். கேமரா பேட்டரி மாற்றும்போது அதுவும் நிற்கும். பழுத்த இரும்பைப் பட்டறைக்கல்லில் வைத்து நீங்கள் சம்மட்டியை ஓங்கினால், "அம்மா, அப்படியே ஹோல்டு பண்ணுங்க!" என்று ஒரு குரல் வரும். "நான் நிப்பேன், இரும்பு நிக்குமாப்பா?" என்று கேட்பீர்கள். ஷூட்டிங் முடியும்வரை எல்லோரும் ஒரே சட்டை, ஒரே புடவை. எல்லாம் ஒரே நாளில் நடந்த மாதிரி தெரிய வேண்டுமாம். தினமும் அறைக்குப் போனதும் துவைத்துப் போடுவோம்.

ஒருநாள் உங்களைத் தனியாக நாற்காலியில் உட்காரவைத்து, வீட்டுக்காரர் இறந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நீங்கள் சாதாரணமாகப் பேசினீர்கள். இயக்குநர் பக்கத்தில் வந்து குனிந்து, "அவரை நெனச்சு கொஞ்சம் அழுதீங்கன்னா நல்லாருக்கும்மா" என்றார்.

நீங்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "அந்த மனுசன் குடிச்சிட்டு வந்து ஊட்டையே தலைகீழா ஆக்குனப்பவே நான் அழல. நீ சொன்னா அழுதுடுவனா தம்பி?"

நான் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீ மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தேன். ஒரு கேமரா என் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

கடைசிச் சுற்றில் நாம் இருவர்தான் மிஞ்சினோம். இரும்புச் சட்டத்தின் மேல் பெரிய ஐஸ் பாளம் வைத்து, நடுவர் நம் கத்தியால் வெட்டுவார். வாய் மழுங்காமல், உடையாமல் பிளக்க வேண்டும். உங்கள் கத்தி ஒரே வெட்டில் பிளந்தது. நடுவரே "அடடா!" என்றார். என் கத்தி அந்த அளவுக்கு வராது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நான் கை தட்டினேன்.

அப்போது ஒருவர் ஓடிவந்து, பக்கவாட்டுக் கேமராவில் படம் கலங்கிவிட்டது, இன்னொரு தடவை என்றார். வெட்டினார்கள். மெதுவாக ஓட்டிக் காட்ட இன்னொன்று. கிட்டத்தில் காட்ட இன்னொன்று. புது ஐஸ் இன்னும் வரவில்லை. பழைய பாளத்தில் மிஞ்சிய துண்டு விளக்குச் சூட்டில் கரைந்து கையகலம் ஆகியிருந்தது. "ஐஸு பத்தாது சார்" என்று நீங்கள் சொன்னீர்கள். யாரும் காதில் வாங்கவில்லை. நடுவர் ஓங்கினார். கத்தி ஐஸைத் தாண்டிப் போய்க் கீழே இருந்த இரும்புச் சட்டத்தில் மோதியது. முனை தெறித்து என் காலடியில் விழுந்தது.

என் கத்திக்குப் புது ஐஸ் வந்தது. ஒரே தடவை வெட்டினார்கள், முடித்தார்கள். நான்தான் ஜெயித்தேன் என்றார்கள்.

"இன்னா சார் இது? அக்கா கத்தி மொதல் வெட்டுலயே ஜெயிச்சிட்ச்சே! எல்லாரும் பாத்தமே!" என்று கத்தினேன்.

இயக்குநர் குரலை உயர்த்தவே இல்லை. "கேமராவுல விழுந்ததுதான் சார் நடந்தது" என்றார். நடுவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோப்பையை என் கையில் திணித்தபோது, கேமராவைப் பார்த்தே சொன்னேன்: "இது சுண்ணாம்புக்குளத்து அக்காவோடது." "சூப்பர் சார், நல்லா பேசினீங்க" என்றார்கள்.

ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். என் மனைவி தேக்சா நிறைய பிரியாணி செய்து தந்திருந்தாள். குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் பேசியது வரும், ஊரே கேட்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

முதல் வெட்டு வரவில்லை. கடைசி வெட்டு வந்தது. கத்தி உடைந்தது. உடனே திரை முழுக்க என் முகம், அதே சட்டை, அதே சிரிப்பு. நான் பேசிய பேச்சு எங்கேயும் இல்லை.

அது என் சிரிப்பு. இல்லை என்று எப்படிச் சொல்வது? ஊர் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. என் மகள் என் மடியிலிருந்து இறங்கி அவள் அம்மாவிடம் போய்விட்டாள். மீன் வண்டி ஓட்டும் உங்கள் மகன் எழுந்து வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தான். "எங்கம்மா கத்தி உடைஞ்சா உனுக்கு சிரிப்பு வருதா பாய்?"

நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னீர்கள். "கைய எட்றா. அது என் கத்திக்கு சிரிச்ச சிரிப்பு இல்ல. உங்க நைனாவப் பத்தி நான் சொன்னதுக்கு சிரிச்சது." பிறகு அத்தனை பேர் முன்னாலும் அதை மறுபடி சொல்லிக் காட்டினீர்கள். ஊரே சிரித்தது. காலரைப் பிடித்த கையோடு உங்கள் மகனும் சிரித்துவிட்டான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஆனால் மற்ற ஊர்க்காரர்களுக்கு யார் சொல்வது? ஐஸுக்கே உடைகிற கத்தி என்று பேச்சுப் பரவி, உங்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் காலை நீங்கள் ஒரு கூடை நிறையக் கத்திகளோடு பழவேற்காடு மீன் மார்க்கெட்டில் வந்து நின்றீர்கள். நானும் ஓடிவந்தேன். நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்று நாம் கையெழுத்துப் போட்டிருந்தோம். நான் சொன்னேன், மார்க்கெட் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"கேஸ் போடுவானுங்க பாய்" என்று என் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"போடட்டும் அக்கா."

மீன் வெட்டும் அம்மா ஒருத்தி உங்களிடம் கத்தியை வாங்கி, ஒரு பெரிய கொடுவாத் தலையை நடுவில் பிளந்தாள். இன்னொன்றைப் பிளந்தாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. வெயில் ஏறும்வரை வெட்டிக்கொண்டே இருந்தாள். நீங்கள் கத்தியைத் திருப்பிக் கேட்டபோது முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "குடுக்க மாட்டேன், போ" என்றாள். அன்று கூடை காலியானது. உங்கள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இதெல்லாம் நடந்த பிறகும், அன்று காலை அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வர எனக்குப் பயமாக இருந்தது. வெளியூர் உறவுகள் வந்திருப்பார்கள், அவர்கள் கையிலும் போன் இருக்கும். வாசலுக்கு வெளியிலேயே நின்றேன். இரண்டு பேர் என்னைக் காட்டி ஏதோ பேசினார்கள். உங்கள் மகன் பார்த்துவிட்டு நேராக என்னை நோக்கி வந்தான்.

"இன்னா பாய் இங்கயே நின்னுட்ட? வா, தோள் குடு. வலது பக்கம் முன்னாடி நில்லு" என்றான்.

வயிற்றில் கட்டி என்று மழைக்காலத்திலேயே தெரியுமாம், பிறகு சோறே இறங்கவில்லையாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்களாம். நடந்துகொண்டே சொன்னான்.

அக்கா, பாடையைத் தூக்கியபோது என் தோள் தானாக மேலே எகிறிவிட்டது. சம்மட்டி ஓங்கிய உடம்பாயிற்றே என்று காலை அகட்டி, மூச்சைப் பிடித்து, கனத்துக்குத் தயாராக நின்றிருந்தேன். கனம் வரவே இல்லை. ஏரிக்கரை வரைக்கும், இப்போது வரும், இப்போது வரும் என்று தோளைக் கொடுத்தபடியே நடந்தேன். அந்தத் தோளை நான் இன்னும் இறக்கவில்லை.