நீ கலக்காத சேறு

என் செல்லத் தங்கச்சி பிலோவுக்கு,

நீ போன இடத்தில் சேறு கிடைக்கிறதா? இல்லையென்றால் உனக்குப் பொழுது போகாதே.

சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்திலிருந்து சீமைக்குப் போய் ஆழ்கடல் சேற்றில் ஊசிமுனைச் சிப்பிகளைப் பொறுக்குகிறாயே என்று எவ்வளவு கேலி செய்திருப்பேன்! நீ கடைசியாக வந்த கிறிஸ்துமஸுக்கு, ஆறு கடலில் சேரும் கோத்தா கோலா மூடாவுக்கு என்னை இழுத்துப் போனாய். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆற்றுநீர் செம்மண் நிறத்தில் கடலின் மேலாகப் படர்ந்து கிடந்தது.

"பாத்தியாண்ணே, நல்ல தண்ணி லேசு. உப்புத் தண்ணி மேல ஏறிப் படுத்துக்கும்," என்றாய்.

பிறகு நீ ஆராயும் கடலைப் பற்றிச் சொன்னாய். தெற்கிலிருந்து வடக்கே சூட்டைச் சுமந்து போகும் உப்புநீர், அங்கே குளிர்ந்து, கனத்து, ஆழத்தில் இறங்கித் திரும்பும். அது இறங்கினால்தான் பின்னால் சூடான நீர் வரும். பனியுகம் முடியும்போது உருகிய பனி இந்த ஆற்றுநீர் போலவே அந்தக் கடல்மேல் படர்ந்தது. நீர் இறங்குவது தளர்ந்தது. உலகம் சூடாகிக்கொண்டிருந்தபோதே வடக்கு மறுபடியும் குளிரில் விறைத்தது. அந்தக் காலத்துச் சேற்றில் கிடந்த உன் சிப்பிகள் அப்படித்தான் காட்டின.

உன் பெரிய விஞ்ஞானி நம்பவில்லை. பழைய காலத்துச் சேறும் பிற்காலத்துச் சேறும் உன் கையில் கலந்துவிட்டன என்றார்.

"அம்மா பால்ல தண்ணி ஊத்துச்சின்னு கணக்கெழுதுற கிராணி சொல்வாரே, அப்படித்தான்லா இருக்குண்ணே," என்றாய்.

ரப்பர் பால் வடியும் மங்கில் மழை விழுந்தால் பால் நீர்த்துப்போகும். பழி அம்மாமேல் விழும். அம்மா மறுநாளும் வாளியைத் தூக்கினார். நீயும் புதுச் சேறு வாங்கி முதலிலிருந்து பொறுக்கினாய். உன்னை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது, பிலோ. முடிவைப் பார்க்க நோய் உன்னை விடவில்லையே.

இப்போது கேள். உன்னோடு வேலை செய்த பெண் நேற்று மளிகைக்கடைப் போனுக்குக் கூப்பிட்டாள். என் ஓட்டை இங்கிலீஷுக்கே புரிந்துவிட்டது. புதுச் சேற்றிலும் அதேதானாம்! அந்த விஞ்ஞானியே ஆய்வுக் கட்டுரையில் உன் பெயரை முதலில் போடச் சொன்னாராம். நான் கடைக்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். அம்மா உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளும் கலக்கல, நானும் கலக்கலடா," என்றார்.

அடுத்த மழை விட்டதும் அம்மாவைக் கோத்தா கோலா மூடாவுக்குக் கூட்டிப்போவேன். நீ நின்ற இடத்தில் நிறுத்தி, எது ஆறு, எது கடல் என்று நானே காட்டுவேன். சத்தியம்.

கேலி செய்தே உன்னை வளர்த்த அண்ணன்,
சவரிமுத்து