பூபாலன் வைத்த பொட்டு

ஆவடி குவார்ட்டர்ஸில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் ரேவதிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஷிப்ட் முடிந்து வரப்போகும் கணவன் பூபாலனுக்கு, பழைய கேஸ் பில்லின் பின்பக்கத்தில் எழுதினாள்.

"சாம்பார் அடுப்பு மேல இருக்கு. தோசை நீங்களே ஊத்திக்குங்க. கார் சாவியைத் தேடாதீங்க, எங்கிட்ட இருக்கு.

போன மாசம் கம்பெனி சர்வீஸ்ல பன்னெண்டாயிரம் கொட்டிட்டு வந்தீங்களே, அந்த கார் நேத்து திருவேற்காட்டுல மூச்சு வாங்கி நின்னுடுச்சு. 'ரோட்டோர மெக்கானிக்கிட்ட விடாதே'ன்னு நீங்க சொல்லியும் வேம்புலி அண்ணன் ஷெட்டுலதான் விட்டேன். அவர் ஏர் ஃபில்டரைக் கழட்டிக் காட்டி, 'இன்னாமா இது, மாத்தவே இல்ல, ஒரே மண்ணா கீது'ன்னார். கம்பெனிக்காரன் பில்லுல புதுசுன்னு போட்டுக் காசு வாங்கியிருக்கான்! அண்ணன் நிஜமாவே புதுசு போட்டு, கூலியோட எழுநூறுதான் வாங்கினார்.

'எதையோ பழசைக் காட்டி உன்னை ஏமாத்திட்டான்'னுதான் சொல்வீங்க, தெரியும். மேஜையில மூடி வச்சிருக்கிற தட்டைத் திறந்து பாருங்க. சாப்பாடு இல்ல, அந்த ஃபில்டர்."

கதவு வரை போனவள் திரும்பி வந்து, மிச்சமிருந்த ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

"சர்வீஸுக்கு விடறதுக்கு முன்னாடி, ஆயுத பூஜைக்கு பானெட்டைத் திறந்து, ஃபில்டர் டப்பாவைக்கூடக் கழட்டி ஒண்ணு விடாம குங்குமம் வச்சீங்களே, அந்தப் பொட்டு ஃபில்டர் ஓரத்துல அப்படியே இருக்கு. துடைச்சிடாதீங்க. நாளைக்கு இதைத் தூக்கிக்கிட்டு, உங்களுக்கு ஓசிக் காபி குடுத்த அந்த கம்பெனி சர்வீஸ் ஏசி ரூமுக்கு ரெண்டு பேருமா போறோம். நான் பேசறேன். நீங்க காபி குடிங்க."