நிழல் கேட்ட கையெழுத்து

அன்பு மகளுக்கு,

நீ எழுதிய பேய்க்கதையை நானே எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். அட்டையில் உன் பெயரைப் படித்த அன்று, புத்தகத்தை வார்டு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அம்மாவுக்குத் தினமும் வாசிக்கிறேன். "நீங்க படிக்கிற வேகத்துக்கு அந்தப் பேயே தூங்கிடும்" என்கிறாள். தாயைப் பிழைக்க வைக்க, உன் கதையில் வரும் பெண் தன் ஆயுளில் பாதியை நிழலுக்கு எழுதிக் கொடுக்கும் இடம் வந்தது. மாத்திரை கொண்டுவந்த நர்ஸ், "கையெழுத்துப் போடாதடி, பைத்தியமே" என்று திட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர், "நானா இருந்தா கால்வாசிக்கு முடிச்சிருப்பேன்" என்றார். அம்மாவுக்குத்தான் கோபம். "பெத்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா அவ?"

நேற்று டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டார். வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார். அம்மாவோ, "மிச்சக் கதையை வீட்ல படிங்க. முடிவைக் கேக்காம நான் போறதா இல்ல" என்றாள்.

கடைசி அத்தியாயம்தான் பாக்கி. தெரிந்த எழுத்திலும் வேண்டுமென்றே தடுமாறுகிறேன். படித்த வரியையே திரும்பப் படிக்கிறேன். இரண்டாம் பாகம் எழுதுகிறாயா? எழுதியவரைக்கும் போதும், நீயே எடுத்துக்கொண்டு வா.

போன வருடம்வரை எனக்குக் கைநாட்டுதான். இப்போது கையெழுத்துப் போடத் தெரியும். பேனா சட்டைப்பையிலேயே இருக்கிறது. உன் கதையில் வரும் அந்த நிழல்தான் இந்தப் பக்கம் வரவே இல்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா