முன் சீட்டின் நான்கு போல்ட்டுகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். அப்பா என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலம், அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உன் இருமல் நின்றதா, மாப்பிள்ளை வேளைக்குச் சாப்பிடுகிறாரா? போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் கடிதம்.

நம் பழைய காரை அப்பா அக்கு அக்காகப் பிரித்துப் போட்டிருப்பது உனக்குத் தெரியும். கழற்றிய போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாவற்றையும் கைப்பிடி உடைந்த கோப்பை, ஜாடி மூடி, செருப்புப் பெட்டி என்று ஷெட் முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். எனக்கு அது குப்பையாகத்தான் தெரிந்தது. அவர் முடிவெட்டப் போன நேரத்தில், உதவியாக இருக்கட்டுமே என்று அத்தனையையும் ஒன்றாகக் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை நிறுத்துவதுபோல உயர வரிசைப்படி பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கினேன். வந்தவர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். "அழகா அடுக்கியிருக்கே" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுநாளே எதிர்வீட்டு ஸ்டோர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பஸ் டிப்போவில் உதிரிபாகக் கிடங்கைக் கட்டிக் காத்து ஓய்வு பெற்றவர் அல்லவா, அந்தம்மாவுக்கு என் டப்பாக்களைப் பார்த்ததும் மூச்சே நின்றுவிட்டது. ஒரே அளவாக இருந்தாலும் ஒவ்வொரு போல்ட்டும் தான் இருந்த துளைக்கு ஏற்றபடி தேய்ந்திருக்குமாம், எதிலிருந்து கழற்றினோமோ அதோடுதான் வைக்க வேண்டுமாம். "நீங்க கழுவாம விட்டிருந்தா அழுக்கைப் பார்த்தே சொல்லியிருப்பேன் டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே வேறு சொன்னார். ஒரே உயரப் பிள்ளைகள் இருவரில் ஒருவனுக்குக் கரும்பலகை தெரியாது, இன்னொருவனுக்குக் காது மந்தம், இடம் மாற்றினால் இருவருமே கெடுவார்கள் என்று எத்தனையோ தலைமையாசிரியர்களிடம் வாதாடியவள் நான். அது எனக்கே இன்னொருத்தி சொல்லித்தான் புரிய வேண்டியிருந்தது. நீங்கள் வீடு மாறும்போது கட்டில் ஸ்குரூக்களை ஒரு கவரில் போட்டுக் கட்டில் காலிலேயே கட்டிவிடு, மறந்துவிடாதே.

அன்றிலிருந்து தினமும் மாலையில் இருவரும் ஷெட்டில்தான். அந்தம்மா ஒரு போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் வண்டியின் நீலப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது, கதவுக் கீலுடையது என்பார். அப்பா அசந்துபோவார். கவரில் போட்டு, அட்டையில் எழுதி, கம்பியில் தொங்கவிடுவார்கள். நான் டீ கொண்டுபோனால் "அங்க வைக்காத, அது பிரேக்" என்று அப்பா டம்ளருக்கு இடம்கூடத் தருவதில்லை. கிரீஸில் கை வைக்கப் போகிறவருக்கு இஸ்திரி போட்ட சட்டை எதற்கு, நீயே சொல். நீயும் உன் பங்குக்கு அப்பாவிடம் போனில், ஆன்ட்டி கையில் விட்டுவிடுங்கள், அம்மாவைத் தொட விடாதீர்கள் என்றாயாம். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். வண்டியை ஏறக்குறையத் திரும்பப் பூட்டிவிட்ட நிலையில், போன வாரம் அப்பா, வண்டி முதல் தடவை ஓடும்போது அந்தம்மா முன்னால் உட்காரட்டும், எது கடகடவென்று ஆடுகிறது என்று கேட்டுச் சொல்வார் என்றார். நீ பிறந்தபோது உன்னை மடியில் வைத்துக்கொண்டு நான் வீடு வந்த சீட் அது. மத்தியானம் ஷெட்டுக்குப் போய், முன் இடது சீட் என்று எழுதியிருந்த கவரை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் இருவரும் தேடாத இடமில்லை. தன் கையில் ஒரு வாஷர்கூடத் தொலைந்ததில்லை என்று அந்தம்மா கண் கலங்கிவிட்டார். அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. கவரைக் கொண்டுபோய் அப்பா கையில் வைத்து, "நான் உட்கார்ந்த பிறகு முடுக்குங்க" என்றேன். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். "எடுத்தா கையெழுத்துப் போடணும் டீச்சர், எங்க மேனேஜரே போட்டுட்டுத்தான் எடுப்பாரு" என்றார். போட்டுக் கொடுத்தேன். நான் ஏறி உட்கார, அப்பா குனிந்து நான்கு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக முடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே எடுக்கிறோம். அந்தம்மா பின்னால் உட்காருவார். சத்தம் பின்னாலும் கேட்கும்.

நீங்கள் இருவரும் குறையொன்றும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். அடுத்த முறை போன் செய்தால் காரைப் பற்றி முதலில் என்னிடம் கேள், பிறகு அப்பாவிடம் கொடுக்கிறேன்.

முன் சீட்டிலிருந்து,
உன் அம்மா