கரட்டுத் தெருவுக்கு ஏறாத தண்ணீர்

அன்புள்ள அம்மிணி ரஞ்சிதாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அங்காளம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். முதலில் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊரில் யாராவது உனக்கு வீடியோவாக அனுப்பிவிடுவார்கள். போன வாரம் நீ அனுப்பிய குழாய்ப் படத்தைப் பெரிய தாளில் கலர் பிரிண்ட் எடுத்து, இரண்டு கையாலும் முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்து, எந்த வட்டம் எந்த வீடு என்று பார்த்தபடியே பிள்ளையார் கோயில் தெருவில் நடந்தேனா, சரவணமுத்து வீட்டு வாசலில் குழாய்க்காக வெட்டியிருந்த குழிக்குள் இடுப்பளவு இறங்கிவிட்டேன். உள்ளே தண்ணீர் வேறு. அவன் சம்சாரம் எட்டிப் பார்த்து, ஏனுங்க மாமா, குளிக்கோணும்னா ஊட்டுக்குள்ள வந்திருக்கலாமுல்லங்க, இப்படி வாசல்லயா என்று கேட்டாள். தெருவே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்வது. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆறு மாநிலம் சுற்றி ஆயிரம் அடி ஆழம் பார்த்தவன், வாசல் குழி கண்ணுக்குத் தெரியாமல் விழுந்தான் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்ளலாம். பேரப்பிள்ளை என்றதும் கல்யாணப் பேச்சை எடுக்கிறேன் என்று பயப்படாதே, அது உன் அம்மாவின் இலாகா. முழங்காலில் சிராய்ப்புதான், ஆறிவிட்டது. நான் எழுத உட்கார்ந்தது அந்தக் குழியைப் பற்றி.

நம் ஊர்க் குடிதண்ணீர்த் திட்டம் ஓடிவிட்டால் அதையே காட்டி நாமக்கல்லில் ஒரு ஆபீஸ் போட்டு, சுற்றுவட்டாரப் பஞ்சாயத்துகளுக்கெல்லாம் குழாய்ப் படம் வரைந்து கொடுப்பேன், மஸ்கட் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுவேன், கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வந்தால் போதும் அப்பா என்று சொன்னாயே. அந்தக் கடைசி வீடு நம் வீடு. நீ சொன்னபடி நான் போனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நின்று இடத்தைக் குறித்து அனுப்பினேன், கரட்டுத் தெரு பிள்ளையார் கோயில் தெருவைவிட எவ்வளவு மேடு என்று நீ அங்கிருந்தே கண்டுபிடித்தாய். ஊர் மேல்நிலை டேங்கிலிருந்து நம் வாசல் வரைக்கும் ஒவ்வொரு வீடும் ஒரு வட்டம், பிரஷர் போதுமென்றால் பச்சை, போதாதென்றால் சிவப்பு. எந்த இடத்தில் எத்தனை அங்குலப் பைப், எங்கே வால்வு என்று நீ மாற்றி மாற்றிப் போட்டுக் கடைசியில் நம் வட்டமும் பச்சையான அன்று, உன் அம்மா போன் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யூனியன் ஆபீஸ் இன்ஜினியரும் படத்தைப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் பண்ணியிருக்குதுங்க உங்க புள்ள என்று அப்படியே பைப்பைப் புதைத்தார். சித்திரை மாதம் முழுக்கத் தண்ணீர் வந்தது சாமி, அதை நீ மறந்துவிடாதே. நம் வாசல் குழாயில், நீ சொன்ன உயரத்தில், குடம் வைத்துப் பிடிக்கிற மாதிரி வந்தது. உன் அம்மா குடம் நிறைத்து, அண்டா நிறைத்து, டம்ளரில்கூடப் பிடித்து வைத்தாள்.

அப்புறம் நடுத்தெருவில் எவனோ ஒருத்தன் திட்டத்துக்கு முன்னால் இருந்த பழைய குழியைத் தோண்டிக் குழாயைக் கீழே இறக்கினான். பள்ளத்தில் இருக்கிற குழாய்க்குத் தண்ணீர் தானாக ஓடும், அது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் குடம் நிறைய நேரமாகிறதே என்று அவனும் தோண்டினான், ஒரு சாண் கூடவே தோண்டினான். ஆடி பிறப்பதற்குள் தெரு முழுக்கக் குழி, பாதிக் குழியில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். நம் கரட்டுத் தெருவில் எல்லாம் பாறை, கடப்பாறை போட்டால் தீப்பொறிதான் வரும், தோண்ட முடியாது. குழாயில் காது வைத்தால் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கிறது. குழியை மூடச் சொல்லுங்கப்பா, எல்லாரும் மூடினால் எல்லாருக்கும் வரும் என்று நீ சொன்னதை நம்பி நான் வீடு வீடாகப் போனேன். ஒவ்வொருத்தரும் அடுத்த வீட்டைக் கை காட்டினார்கள். கீழ வீட்டுக்காரன் மூடட்டுங்ணா, நான் மறு நிமிசமே மூடிப்போடறேன் என்றார்கள். அப்படியே கீழே கீழே போய் டேங்குக்கு அடியில் இருக்கிற முதல் வீட்டில், பழனியம்மாள் அக்கா வாசலில் நின்றேன். அந்த வீட்டுக்குக் குழியே தேவையில்லை, குழாயைத் திறந்தால் முகத்தில் அடிக்கும், இருந்தும் எல்லாரையும்விட ஆழக் குழி அங்கேதான். ஏனக்கா என்றேன். கோபமே இல்லாமல் சொன்னாள், ஏந்தம்பி, இருவது வருசமா தண்ணி வராதப்பெல்லாம் இந்தக் குழிதான் எனக்குச் சொட்டுச் சொட்டாக் குடுத்துச்சு, உம்பட புள்ளையோட கம்ப்யூட்டரு ஒரு மாசம் குடுத்துச்சு, நான் எதைய நம்பறது நீயே சொல்லு என்று. மோர் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன். பஞ்சாயத்துத் தலைவர் குணசீலனிடம் போனால், அண்ணா, குழியை மூடச் சொன்னா அடுத்த எலக்சன்ல என்னைய அதுக்குள்ள போட்டு மூடிருவாங்கண்ணா என்கிறார்.

நீ சும்மா இருக்கவில்லை, குழியையும் மோட்டாரையும் அந்தப் படத்துக்குள்ளேயே போட்டுப் பார்த்தாய், நம் தெரு வட்டம் எல்லாம் சிவப்பாகிவிட்டது என்றாய். பைப்பைப் பெரிதாக்கினால் பச்சையாகிறது, இன்னும் ஒரு அடி தோண்டினால் மறுபடியும் சிவப்பு, எத்தனை அடி தோண்டுவாங்கன்னு எதைவெச்சுப்பா போடறது என்று கேட்டாய். கடைசியாக ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் சின்னத் துளை போட்ட பித்தளை வில்லை வைத்தால் யாரும் அதிகமாக உறிஞ்ச முடியாது என்று நீ சொல்லி, தலைவரும் சரி என்று சொல்ல, டேங்க் ஆபரேட்டர் மணியன் வீடு வீடாக வைத்தான். பகலில் வைத்தவனே சாயங்காலம் கேட்டவர்களுக்குக் கழற்றியும் கொடுத்தான். எனக்கு எல்லாரும் சொந்தங்க மாமா, நான் யாருக்குங்க முடியாதுங்கறது என்கிறான். அதுவும் நியாயம்தானே. பழனியம்மாள் அக்கா அவள் வீட்டு வில்லையைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, அம்மிணியோடது, தொலைஞ்சுபோயிரும் பத்திரமா வெச்சுக்குங்க என்று என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். இதற்கு மேல் யாரைக் குற்றம் சொல்வது. யூனியன் இன்ஜினியரும், படத்துல ஒரு தப்பும் இல்லீங்க என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்.

உன் அம்மாவைப் பற்றி ஒன்று மறைத்திருக்கிறோம். அருணகிரி தோட்டத்துத் தொட்டியிலிருந்து இரண்டு குடம் தூக்கி வரும்போது கரட்டுச் சரிவில் சறுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, திருச்செங்கோட்டில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாகிவிட்டது, ஆனால் குனிய முடியாமல் நடக்கிறாள். நான் தூக்குகிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறாள், நான் தூக்கினால் பாதி வழியிலேயே கொட்டிவிடுகிறேனாம், அது உண்மை. என்னோடு ரிக்கில் இருந்த கலைமணி வந்து பார்த்துவிட்டு, என்னப்பா பூபதி, நாடெல்லாம் பாறையை ஒடைச்சவன் சொந்த வாசல்ல கையக் கட்டீட்டு நிக்கற, பாறை ஒடைக்கக் கம்ப்ரசர் அனுப்பறேன், நீயும் ஒரு குழி போட்டுரு என்றான். போட்டால் நமக்குக் கொஞ்சம் வரும், நம் தெருவில் மற்ற நாலு வீட்டுக்குச் சொட்டுகிறதும் நின்றுவிடும். ஊரெல்லாம் போய்க் குழியை மூடுங்கள் என்று கும்பிட்டவன் நான். இரண்டு நாள் தூக்கமில்லை. சரி என்று சொல்லிவிட்டேன் சாமி. திங்கட்கிழமை கம்ப்ரசர் வருகிறது. உன் படத்தில் கடைசி வட்டத்தையும் உன் அப்பன் நானே அழிக்கப்போகிறேன், அதை வேறு யார் வாயாலும் நீ கேட்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. மழை இல்லை, சோளம் காய்ந்து மாட்டுக்குத் தட்டாகத்தான் ஆகும். உன் அம்மா சின்ன அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மேசை வாங்கிப் போட்டு, கம்ப்யூட்டர் எந்தச் சுவரைப் பார்த்து வைக்க வேண்டும் என்று தினமும் கேட்கிறாள். கலைமணி மருமகன் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறான், பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் கொடுத்தனுப்புகிறோம், இந்தக் கடிதம் பொடி டப்பாவுக்கு அடியில் இருக்கும், உன் அம்மாவுக்குத் தெரியாது. போனில் இதைப் பற்றிப் பேசாதே, அவள் ஸ்பீக்கர் போட்டுத்தான் கேட்பாள். ஏசிக்கு நேராகப் படுக்காதே, வாரத்துக்கு ஒரு தரமாவது தலைக்கு எண்ணெய் வை, வேலை முடிந்து வந்து மறுபடியும் ஊர்ப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருப்பாய், அதற்கு என் ஆசீர்வாதமும் உன் அம்மா ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை போனில், ராஜினாமாவைக் குடுத்துறட்டுமாப்பா என்று கேட்டாய். உன் அம்மா போனைப் பிடுங்கி, குடுத்துப்போட்டு வா சாமி என்றாள். நீ மறுபடியும், நீங்க சொல்லுங்கப்பா என்றாய். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். நன்றாகத்தான் கேட்டது. அப்போது வாயில் வராததை இங்கே எழுதிவிடுகிறேன், நீ வர வேண்டாம் அம்மிணி.

உன் அப்பா,
பூபதி
கரட்டுத் தெரு, கடைசி வீடு