பாப்பாவின் மூச்சும் இரண்டு மருந்துகளும்

பிப்ரவரி 9, திங்கள்

பத்து மணிக்குத்தான் வெயில். பால்கனிக் கொடியில் பதினோரு துணி, எல்லாம் பாப்பாவுடையது. கோல் மார்க்கெட் போய் கொசுவலை வாங்கவேண்டும். வாங்கவில்லை.

பாப்பா வீட்டுக்கு வந்து பத்து நாள். ஒன்பது வாரம் முன்னாலேயே பிறந்துவிட்டதால் ஒரு மாதம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். எடை இரண்டு கிலோ முந்நூறு. குடிக்கிற பாலில் பாதியைக் கக்குகிறாள். கக்கிவிட்டு, வேலை முடிந்தது என்பதுபோல் ஒரு பார்வை.

மதியத் தூக்கத்தில் மூச்சு நின்றது. தேவிதான் கவனித்தாள். "என்னங்க, நெஞ்சு அசையலங்க!" உதட்டைச் சுற்றி நீலம். உள்ளங்காலைச் சுண்டினாள். வந்தது. எவ்வளவு நேரம் நின்றது? தெரியாது. கடிகாரம் பார்க்கத் தோன்றவில்லை.

மாலையில் மார்க்கெட் பக்கத்து கிளினிக். பால் மேலே ஏறி மூச்சை அடைக்கிறது என்றார் டாக்டர். இரண்டு மருந்து. ஒன்று, வயிற்றில் அமிலம் குறைய. மற்றது, வயிறு சீக்கிரம் காலியாக. கிளம்பும்போது தேவியிடம், "மிர்ச் மசாலா பந்த் கரோ." காரம், மசாலா சாப்பிடுவதை நிறுத்தச் சொல்கிறார்.

பிப்ரவரி 11, புதன்

குளிர் காற்று. லீவு நீட்டிக்க விண்ணப்பம் அனுப்பினேன்.

நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தி. பால் குடித்த நேரம், கக்கிய நேரம், மூச்சு நின்ற நேரம். "ஆபீஸ் புத்தி போகுதா பாரு" என்கிறாள் தேவி.

இன்று:
பால் – ஒன்பது முறை.
கக்கியது – ஆறு.
மூச்சு நின்றது – இரண்டு. தொட்டதும் வந்தது.

மருந்தை நாக்காலேயே வெளியே தள்ளுகிறாள், கெட்டிக்காரி. இரண்டாவது மருந்து உள்ளே போனால் தூக்கம் இல்லை. உடம்பை முறுக்கிக்கொண்டே இருக்கிறாள்.

இரண்டு நாளாகத் தேவிக்கு மோர் சாதம் மட்டும். ரசம்கூடத் தொடவில்லை. "என் பால்தான் அவளுக்கு ஆகல." அப்படியெல்லாம் இல்லை என்றேன். "உங்களுக்கு என்ன தெரியும்?" ஒன்றும் தெரியாது. அவள் தட்டைக் கழுவிவைத்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

காலை ஒன்பதரை. தேவி குளிக்கப் போயிருந்தாள். பாப்பா என் பக்கத்தில் தூங்கினாள். நின்றது. சுண்டினேன், வரவில்லை. முதுகைத் தேய்த்தேன். "பாப்பா, ஏ பாப்பா" என்று நான் கத்தியது மாடிவரை கேட்டிருக்கும். பிறகு வந்தது. ஈரத் தலையோடு தேவி ஓடிவந்தாள்.

ஆட்டோ. "பையா, ஜல்தி, ஜல்தி" என்று டிரைவரை அவசரப்படுத்தினேன். அவர் வழி முழுக்க ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

பிறந்த ஆஸ்பத்திரியிலேயே மறுபடி சேர்த்தாயிற்று. நெஞ்சில் மூன்று ஒயர், காலில் ஒன்று. இரத்தம் எடுத்தார்கள். தேவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 14, சனி

இரத்தத்தில் கிருமி இல்லை. இதயம், மூளை ஸ்கேன், எல்லாம் சரி.

பெரிய டாக்டர் ஒரு பஞ்சாபி அம்மா. என் நோட்டைக் கேட்டு வாங்கினார். மானிட்டர் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பால் குடித்து இரண்டு மணி நேரம் ஆனபின்னும் மூச்சு நின்றிருக்கிறது. ஆறு முறை கக்கிய நேரத்தில் ஒருமுறைகூட மூச்சு நிற்கவில்லை.

அவர் இந்தியில் சொன்னதன் சாரம்: மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு மூச்சுவிடச் சொல்லும் மூளைப் பகுதி இன்னும் முதிரவில்லை. கக்குவதும் இந்த வயதில் வரும். இரண்டும் ஒன்றாக வருவதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று தோன்றும். அமில மருந்து மூச்சை நிறுத்தாமல் காக்காது. கிருமி தொற்றத்தான் இடம் கொடுக்கும். இரண்டு மருந்தும் நிறுத்தம்.

தேவி தன் பாலைப் பற்றிக் கேட்டாள்: "மேரா தூத்?"

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தும்ஹாரா தூத் ஹி தோ உஸ்கி தாகத் ஹை, பேட்டா." உன் பால்தான் அவளுக்குப் பலம். தேவி அழுதாள். நானும்.

புது மருந்து ஒன்று. காபியில் இருக்கிற அதே சரக்காம், அளந்து கொடுப்பார்கள். தேவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்: "நம்மூட்டுப் பிள்ளைக்கு வேற எந்த மருந்து கேக்கும்?"

மதியம் கேன்டீனில் சாம்பார் வாங்கிவந்தேன். சுமார்தான். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 19, வியாழன்

மூச்சு நின்றது: நேற்று – இல்லை. இன்று – இல்லை. நான்கு நாள். எழுதவே பயம், கண் பட்டுவிடுமோ என்று.

நர்ஸ் ஒரு ரப்பர் பொம்மையை வைத்து, மூச்சு நின்றால் என்ன செய்வது என்று சொல்லித்தந்தாள். மூன்று முறை செய்தேன். தேவி ஐந்து.

பிப்ரவரி 23, திங்கள்

வீடு. மல்லாக்கத்தான் படுக்கவைக்கவேண்டும், தலையணை கூடாது. காபி மருந்து தொடரும். வாரம் ஒருமுறை போய்க் காட்டவேண்டும்.

என் சட்டையில் இரண்டு தடவை கக்கினாள். "கக்கட்டும்" என்றாள் தேவி. "கக்கிட்டுப் போகட்டும் மகராணி."

பிப்ரவரி 25, புதன்

ஆபீஸ். மேசையில் கோப்புகள் கழுத்தளவு. பதினோரு மணிக்கு வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

"பாப்பா என்ன பண்றா?"

"கேளுங்க" என்று தேவி போனை அவளிடம் பிடித்தாள். அழுகை. நீளமாக, மூச்சை இழுத்து இழுத்து, வீடே அதிர. அந்தப் பக்கம் போன செக்‌ஷன் ஆபீசர் நின்று, "பச்சி ரோ ரஹி ஹை?" என்றார், குழந்தையா அழுகிறது என்று.

"ஹான் சார்" என்றேன். போனை வைக்கவில்லை.